நரம்பு கிடைக்காத பிள்ளைகள்

நம் ஊர் மருத்துவமனைகளில் ஒருமுறையேனும் உறவினருக்குத் துணையாக இருந்தவர்கள் "நரம்பு கிடைக்கவில்லை" என்னும் தொடரைக் கேட்டிருப்பார்கள். செவிலியர் முழங்கைக்கு மேலே இரப்பர்க் குழாயை இறுக்கிக் கட்டுவார், புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார், ஓரிடத்தில் குத்துவார், இரத்தம் வராது. ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, மறு கையைக் கேட்பார். அப்போது சொல்லப்படும் சொல் அது. நோயாளி பெரியவராக இருந்தால் பல்லைக் கடித்துக்கொள்வார். குழந்தையாக இருந்தால் நான்கு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொள்ளும் நால்வரில் ஒருவர் பெரும்பாலும் தாய்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இச்சொல் குறித்து நெடுநாளாக எனக்கு ஒரு வியப்பு உண்டு. பாடநூல் தமிழில் நரம்பு என்பது உணர்ச்சியையும் கட்டளையையும் கடத்துவது. இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்வது சிரை. ஆனால் கம்பத்திலோ சின்னமனூரிலோ சிரை என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. மருத்துவமனை வராந்தாவிலும் 'நரம்பு ஊசி' என்றால் சிரைக்குள் போடும் ஊசியே. இதனை மக்களின் பிழை என்று தள்ளிவிட இயலாது. பழந்தமிழில் நரம்பு என்பது யாழில் கட்டியதையும் குறிக்கும். உடம்பில் கயிறுபோல் எழுந்து தெரிவதையும் குறிக்கும். புறநானூற்றில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய முதிய தாயின் உடலில் புடைத்து நிற்பதும் நரம்புதான். மக்கள் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறார்கள். கலைச்சொல்லாக்கம் செய்தவர்கள் அதே சொல்லை எடுத்து வேறொன்றுக்கு இட்டுவிட்டார்கள். இரண்டும் ஒரே அறையில் சந்திக்கும்போது என்ன நேரும் என்பதை 2017ஆம் ஆண்டு நான் நேரில் கண்டேன்.

* * *

என் தங்கையின் மகளுக்கு அப்போது வயது ஏழு. கம்பத்தில் வீடு. மூன்று வாரக் காய்ச்சல், ஈறில் இரத்தக்கசிவு, வெளிறிய முகம் என்று தொடங்கி, மதுரையில் எலும்பு மச்சை பார்த்த பிறகு இரத்தப் புற்றுநோய் என்று உறுதியாயிற்று. குழந்தைகளுக்கு வரும் வகை; பெரும்பாலோர் குணமாகிறார்கள்; ஆனால் இரண்டரை ஆண்டுகள் மருந்து கொடுத்தாக வேண்டும் என்றார்கள்.

முதல் இரண்டு வாரங்களிலேயே இரு கைகளின் புறங்கைகளும் நீலம் பாரித்துவிட்டன. 'வென்ஃப்ளான்' என்று நம் செவிலியர் சொல்லும் பிளாஸ்டிக் ஊசி மூன்று நான்கு நாளுக்கு மேல் நிற்கவில்லை. அதன்பின் மருத்துவர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "நெடுநாள் இருக்கிற மாதிரி மார்பில் ஒரு பெரிய நரம்பில் குழாய் வைத்துவிடலாம். மூன்று வகை இருக்கிறது. யோசித்துச் சொல்லுங்கள்."

தங்கை தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நரம்புல குழாய் விட்டா கை கால் வராமப் போயிருமா?" என்று கேட்டாள். மருத்துவர் மக்கள் பேச்சை மதித்து 'நரம்பு' என்றார். தங்கை பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, அது உணர்ச்சி நரம்பு என்று கொண்டாள். ஒரு சொல்லால் ஓர் இரவு முழுவதும் அவள் உறங்கவில்லை.

அந்த இரவுதான் இக்கட்டுரைக்கு வித்து. அவளுக்கு விளக்குவதற்காக நான் படிக்கத் தொடங்கினேன். படித்தது ஒரு நெடிய வரலாறாக விரிந்தது.

* * *

இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி நிறுவியது 1628ஆம் ஆண்டில். சுற்றி வருவது உறுதியானால், ஓரிடத்தில் ஊற்றுவது எல்லா இடத்துக்கும் போகும் என்பது அடுத்து எழும் எண்ணம். 1656இல் ஆக்ஸ்ஃபோர்டில், பிற்காலத்தில் இலண்டன் புனித பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென், பறவை இறகின் தண்டையும் ஒரு தோற்பையையும் கொண்டு நாய் ஒன்றின் சிரைக்குள் அபின் கலந்த மதுவைச் செலுத்தினார். சிரைவழி மருந்தின் தொடக்கம் இதுவே எனலாம்.

அடுத்த பெரிய அடிக்கு நம் நாட்டுத் தொடர்பு உண்டு. 1817இல் வங்கத்திலிருந்து பரவத் தொடங்கிய காலரா, 1831இல் பிரிட்டனை எட்டியது. காலராவில் இறப்பவர்களின் இரத்தத்தில் நீரும் உப்பும் வற்றிப்போகின்றன என்று இளம் மருத்துவர் ஓஷானெசி ஆராய்ந்து சொன்னார். அதை நம்பி, 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா நோயாளிகளின் சிரையில் உப்புநீரை ஏற்றினார். இன்று 'குளுக்கோஸ் ஏற்றுவது' என்று நாம் பொதுவாகச் சொல்லும் செயலின் முன்னோடி இதுதான். ஓஷானெசி பின்னர் கல்கத்தா வந்து, இந்தியாவில் தந்திக் கம்பிகளை அமைத்தவராகப் பெயர் பெற்றார். அந்தக் கல்கத்தாவிலேயே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெனார்ட் ராஜர்ஸ் செறிவான உப்புநீரைச் சிரைவழி கொடுத்துக் காலரா மரணங்களைப் பெருமளவு குறைத்தார்.

ஆயினும் இவையெல்லாம் கையிலோ காலிலோ உள்ள சிறு சிரைகளில், சில மணி நேரத்துக்குச் செய்யப்பட்டவை. இதயத்தின் வாயில்வரை ஒரு குழாயைக் கொண்டுபோக முடியும் என்று துணிந்து நினைத்தவர் அரிது. 1929ஆம் ஆண்டு ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூர் மருத்துவமனையில், இருபத்தைந்து வயதை ஒட்டிய வெர்னர் ஃபோர்ஸ்மான் என்னும் பயிற்சி மருத்துவர் நினைத்தார். அவசர நிலையில் மருந்தை நேரே இதயத்துக்குச் செலுத்த வழி வேண்டும் என்பது அவர் நோக்கம். தலைமை மருத்துவர் அனுமதி மறுத்தார். அறுவைக் கருவிகளின் பொறுப்பில் இருந்த கெர்டா டிட்சென் என்னும் செவிலியர் தம் உடம்பிலேயே செய்து பார்க்கச் சம்மதித்தார். ஃபோர்ஸ்மான் அவரை மேசையில் கட்டிப் படுக்க வைத்துவிட்டு, அவர் அறியாமல் தம் கையைக் கீறி, சிறுநீர்ப் பாதைக்குப் பயன்படும் மெல்லிய குழாயைத் தம் சிரைக்குள் செலுத்திக்கொண்டார். அறுபத்தைந்து சென்டிமீட்டர் உள்ளே போயிற்று. பிறகு அக்குழாயோடு கீழ்த்தளத்துக்கு நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்தார். குழாயின் நுனி இதயத்தின் வலப்பக்க மேலறைக்குள் இருந்தது. அவர் இறக்கவில்லை.

பலர் இத்துடன் கதையை முடித்துவிடுவர். அவர் எழுதிய அதே ஆய்வுரையில் இன்னொரு நிகழ்வும் உண்டு. குடல்வால் வெடித்துச் சீழ் பரவிச் சாகும் நிலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு அதே வழியில் மருந்து செலுத்தினார். சிறிது நேரம் தேறிய அப்பெண் பிறகு இறந்துபோனார். நோயாளிக்கு மருந்து கொடுக்க மையச் சிரையை நாடியதன் தொடக்கம் அதுதான். ஃபோர்ஸ்மான் பின்னர் அத்துறையை விட்டு, சிறுநீரியல் மருத்துவராகப் பணியாற்றினார். 1956இல் கூர்னாண்ட், ரிச்சர்ட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

1950இல் மேயோ கிளினிக்கில் டேவிட் மாசா, இரும்பு ஊசியின்மேல் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டு, ஊசியை உருவிக்கொண்டு உறையை மட்டும் சிரையில் விட்டார். நம் வென்ஃப்ளானின் மூதாதை அது. 1952இல் பிரெஞ்சு மருத்துவர் ஓபனியாக் காறை எலும்பின் கீழுள்ள பெரிய சிரையைத் தொடும் வழியைச் சொன்னார். 1953இல் சுவீடனின் செல்டிங்கர், ஊசி வழியே மெல்லிய கம்பியை விட்டு, கம்பியின்மேல் குழாயை வழுக்கி இறக்கும் முறையைக் கண்டார்.

* * *

இதுவரை வந்தவர்கள் யாரும் குழந்தைகளை மனத்தில் கொண்டு செய்யவில்லை. குழந்தைகளுக்காக இவ்வழி திறந்தது 1967இல், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில். சிறுகுடல் ஏறத்தாழ இல்லாமலே ஒரு பெண் குழந்தை பிறந்தது. வாய்வழி எது கொடுத்தாலும் ஒட்டாது. ஸ்டான்லி டட்ரிக்கும் டக்ளஸ் வில்மோரும் அதற்கு முன்பு நாய்க்குட்டிகளைச் சிரைவழி உணவால் மட்டுமே வளர்த்துக் காட்டியிருந்தனர். அம்முறையை அக்குழந்தைக்குப் பயன்படுத்தினர். கழுத்துச் சிரையில் குழாயை வைத்து, அதன் மறுநுனியைத் தோலுக்கு அடியிலேயே நடத்திக் காதின் பின்புறமாகத் தலைப்பகுதியில் வெளியே கொண்டுவந்தனர். சிரைக்குள் நுழையும் இடமும் தோலைவிட்டு வெளிவரும் இடமும் ஒன்றாக இருந்தால் கிருமி நேரே உள்ளே போகும். இடையில் தூரம் இருந்தால் அதற்குத் தடை என்பதே கணக்கு. அக்குழந்தை ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்கள் வாழ்ந்தது. பின் இறந்தது. ஆனால் எடை கூடியது, வளர்ந்தது.

சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் 1960இல் சிறுநீரக நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்ப இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய ஏதுவாக டெஃப்ளான் குழாய் ஒன்றை அமைத்தார். இயந்திரங்கள் சிலவே, நோயாளிகள் பலர். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்ப் பொதுமக்கள் சிலரைக் கொண்டு ஒரு குழு அமைத்தார்கள். அக்குழுவின் மீது எழுந்த விவாதம் மருத்துவ அறவியலில் இன்றும் பேசப்படுகிறது. அதே ஸ்கிரிப்னரின் குழுவில் இருந்த புரோவியாக் 1973இல் சிலிக்கான் இரப்பராலான மெல்லிய குழாயை உருவாக்கினார். மார்புத் தோலுக்கு அடியில் சுரங்கம்போல் ஓடும் அக்குழாயின் நடுவே டேக்ரான் துணியால் ஒரு சிறு வளையம். சில வாரங்களில் உடலின் தசை அவ்வளையத்துக்குள் வளர்ந்து குழாயைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கிருமிக்கும் அது அணை. 1979இல் இராபர்ட் ஹிக்மன் எலும்பு மச்சை மாற்று நோயாளிகளுக்காக அதன் துளையைப் பெரிதாக்கினார். சிறு குழந்தைகளுக்கு இன்றும் புரோவியாக் அளவே பொருந்தும்.

இதற்கிடையில் 1975இல் ஹோஷல், முழங்கைச் சிரைவழி நீண்ட குழாயை மார்புவரை அனுப்பும் முறையைச் சொன்னார். இன்று 'பிக் லைன்' என்பது அதுவே. ஃபோர்ஸ்மான் தம் கையில் செய்ததன் வாரிசு. 1982இல் நீடர்ஹூபரும் அவர் குழுவினரும், வெளியே எதுவும் தொங்காத ஒன்றைப் பற்றி எழுதினர்: தோலுக்கு அடியில் காசளவு உள்ள ஒரு சிறு அறை, மேலே தடித்த சிலிக்கான் மூடி, அதிலிருந்து சிரைக்குள் போகும் குழாய். வேண்டும்போது தோலின் வழியே மூடியில் ஊசி குத்தி மருந்தைச் செலுத்தலாம். தமிழ்நாட்டில் இதன் பெயர் 'கீமோபோர்ட்'.

* * *

தங்கைக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னது வேறு.

எங்கள் பள்ளத்தாக்கின் வரலாறே ஒரு சுரங்கத்தின் வரலாறு. மேற்கே போய்க் கடலில் விழுந்த பெரியாற்று நீரை, பென்னிகுக் 1895இல் அணைகட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பினார். அணை கட்டும்போது மலேரியாவிலும் காலராவிலும் தொழிலாளர் பலர் மாண்டனர். அந்த நீர் வந்த பின்புதான் கூடலூர் முதல் கீழே வயல்களுக்கு உறுதியான பாசனம் கிடைத்தது. "சின்ன வாய்க்காலில் வெள்ளத்தைத் திறந்தால் கரை உடையும், ஆற்றில் திறந்தால் கலந்து போய்விடும். பாப்பா கையில் இருப்பது சின்ன வாய்க்கால். மார்பில் இருப்பது ஆறு. நடுவில் ஒரு சுரங்கம். கை கால் அசைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்றேன். அவளுக்கு உடனே விளங்கிற்று.

விளங்க வேண்டிய காரணமும் இருந்தது. அவளுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். நம் தோட்டங்களிலும் இடுகாடுகளிலும் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1960களின் தொடக்கத்தில் வழக்குக்கு வந்தது. 'சுடுகாட்டு மல்லி' என்று நாம் ஒதுக்கிய செடி உலகெங்கும் குழந்தைகளைச் சுடுகாட்டிலிருந்து திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் அம்மருந்து சிறு சிரையை விட்டுக் கசிந்து தசையில் பட்டால் புண்ணாகி அழுகும். பெரிய சிரையிலோ, விழும் கணத்திலேயே வேகமான இரத்தத்தில் கலந்துவிடும்.

எதைத் தெரிவது என்பதுதான் இனி. மருத்துவ நூல்களில் ஒப்பீடுகள் உண்டு. பிக் லைன் வைக்க எளிது. சில வாரம், சில மாதம் தாங்கும். வாரந்தோறும் கட்டு மாற்ற வேண்டும். சிறுநீரக நோயுள்ள குழந்தைக்குக் கைச் சிரைகளைப் பிற்காலச் சுத்திகரிப்புக்காகக் காப்பாற்ற வேண்டியிருப்பதால் அதனைத் தவிர்ப்பர். புரோவியாக்கில் ஒவ்வொரு முறையும் ஊசி குத்த வேண்டியதில்லை. நாள்தோறும் மருந்தோ உணவோ ஏற்ற வேண்டிய குழந்தைக்கு அதுவே சிறந்தது. ஆனால் மார்பில் குழாய் தொங்கும், நனையக் கூடாது, அடிக்கடி மருந்துநீர் செலுத்தி அடைப்பின்றிக் காக்க வேண்டும். போர்ட்டில் தொற்று ஒப்பளவில் குறைவு. பயன்படுத்தாத காலத்தில் மாதம் ஒருமுறை கழுவினால் போதும் என்பது வழக்கம். குழந்தை குளிக்கலாம், ஓடலாம். ஆனால் வைக்கவும் எடுக்கவும் இரண்டு முறை மயக்கமருந்து, ஒவ்வொரு முறையும் ஒரு குத்து, விலையும் கூடுதல். குழந்தைகளுக்கு எந்த நிலையில் எக்கருவி பொருத்தம் என்று பல நாட்டு வல்லுநர் கூடி 'மினிமேஜிக்' என்ற பெயரில் வரையறைகள் வெளியிட்டது 2020இல். அதில் நோய், காலம், மருந்தின் தன்மை எல்லாம் உண்டு.

இவற்றோடு எங்கள் ஊரையும் நாங்கள் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. கம்பத்திலிருந்து தேனி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை இன்னும் எழுபதுக்கு மேல். மதுரை–போடி இரயில் அகலப்பாதைப் பணிக்காக 2010இன் இறுதியில் நின்றது. 2022இல் தேனிவரையும் 2023இல் போடிவரையும்தான் திரும்பி வந்தது. ஆகவே எங்களுக்குப் பேருந்துதான். வாரந்தோறும் கட்டு மாற்ற மதுரைக்கு ஓடினால் தங்கையின் கணவருக்கு ஏலக்காய்க் கடை வேலை போய்விடும். வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வீடு, மருந்தடிக்கும் காலம், வியர்வை, கிணற்று நீர். எல்லாவற்றுக்கும் மேலாக, அது முல்லையாற்று வாய்க்காலில் குதித்து வளர்ந்த பிள்ளை. குளிக்கக் கூடாது என்று இரண்டரை ஆண்டுகள் காவல் காப்பதை மருந்தைவிடக் கடினமாக நினைத்தாள் அவள் அப்பத்தா.

மருத்துவர் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். முதல் மாதம் பிக் லைனோடு ஓட்டிவிட்டு, இரத்த அணுக்கள் தேறிய பின் போர்ட் வைக்கலாம் என்றார். கருவியின் செலவில் எவ்வளவு காப்பீட்டில் வரும், எவ்வளவு நாம் தேட வேண்டும் என்பதை முதலிலேயே காப்பீட்டு மேசையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார். அது நல்ல அறிவுரை.

கடைசியில் பாப்பாவிடமும் கேட்டோம். ஒரு துணிப் பொம்மையில் இரண்டையும் வைத்துச் செவிலியர் காட்டினார். "எது போட்டா யாருக்கும் தெரியாது?" என்று அவள் கேட்டாள். தோலுக்கு அடியில் இருப்பது என்றார். "அப்ப அது" என்றாள். நாங்கள் மூன்று வாரம் விவாதித்ததை அவள் ஒரு கேள்வியில் முடித்தாள்.

* * *

வைத்தபின் எல்லாம் நலமே என்று எழுதினால் பொய்யாகும். ஒருமுறை மதுரைக்குப் போக முடியாத நிலையில், மாதக் கழுவலுக்காக அருகிலிருந்த ஒரு சிறு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே சாதாரண ஊசியை எடுத்தார்கள். போர்ட்டுக்கென்று நுனி வளைந்த ஊசி தனியே உண்டு. அது மூடியைக் கிழிக்காமல் விலக்கி நுழையும். சாதா ஊசி மூடியைத் துருவிவிடும், பின் கசியும். தங்கை, "இந்த ஊசி வேண்டாங்க, இதுக்குன்னு வேற இருக்கு" என்று சொல்லி மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஆறு மாதங்களுக்கு முன் நரம்பு என்ற சொல்லைக் கேட்டு நடுங்கியவள் அவள்தான்.

இன்னொரு முறை, இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சல். போர்ட்டோ குழாயோ உள்ள குழந்தைக்குக் காய்ச்சலும் நடுக்கமும் கண்டால் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. கிருமி குழாயிலேயே குடியேறியிருக்கலாம். அணுக்கள் குறைந்த உடலில் சில மணி நேரமே கணக்கு. மருத்துவர் எழுதித் தந்திருந்த கடிதத்தை அவள் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு வாடகை வண்டியில் புறப்பட்டார்கள். வழியில் தேனிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் இரத்த மாதிரி எடுத்து, முதல் மருந்தைப் போட்டுவிட்டு மதுரைக்குப் போனார்கள். பத்து நாளில் தேறினாள். போர்ட்டும் தப்பியது.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஊரடங்குக்குச் சில வாரங்கள் முன்பு, அதை எடுத்துவிட்டார்கள். காறை எலும்பின் கீழே ஒரு விரற்கடை நீளத் தழும்பு இருக்கிறது. இன்று அவள் என் தோள் உயரம். சென்ற கோடையில் வாய்க்காலில் குதித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவளிடம், "குழாய் இருந்தது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"குத்துறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மரத்துப்போற கிரீம் தடவுவாங்கல்ல மாமா, அதோட வாசம் மட்டும் ஞாபகம் இருக்கு" என்றாள்.

எபர்ஸ்வால்டேயில் தன் கையைக் கீறிக்கொண்ட இளைஞனையும், தன்னைத் தருவதாகச் சொன்ன செவிலியையும், ஃபிலடெல்ஃபியாவில் இருபத்திரண்டு மாதம் வாழ்ந்த பெயர் அறியாக் குழந்தையையும் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு முன்பாக உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் மருத்துவர்களுக்கும் செவிலியர்க்கும் தமிழாசிரியன் வேண்டுகோளாக. 'நரம்பு' என்றே சொல்லுங்கள். அது தவறில்லை, பழைய சொல். ஆனால் சொன்னபின், "இரத்தம் ஓடுகிற நரம்பு" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கோ ஒரு தாய் அன்றிரவு உறங்குவாள்.